ஈரோட்டில் ஐந்து நாள்: முறித்து, உரசி, பல்லைப் பிடித்து

முதல் நாள், திங்கள்

சென்னையில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஈரோடு. அந்த வண்டிக்கு அதுதான் கடைசி ஊர், தூங்கிப் போனாலும் தவறவிட முடியாது. இறங்கிப் பார்த்தால் சுற்றுலாவுக்கென்று யாரும் எதையும் அலங்கரித்து வைத்திருக்க மாட்டார்கள். காவிரி இருக்கிறது, ஊர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைவீதியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

இங்கே கோயில், அருவி என்று பட்டியல் போட்டு வரக் கூடாது. சந்தைக் கிழமையைப் பார்த்து வர வேண்டும். திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை ஜவுளி. வேலை நாட்களில் மஞ்சள் ஏலம். புதன் கழிந்தால் வியாழன் மாடு. சனிக்கிழமை வந்து இறங்குகிறவருக்கு ஈரோடு பாதிதான் தெரியும். திங்கள் இரவு வெளியூர் வியாபாரிகள் தங்குவார்கள், அறைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பகல் பொழுதுக்குப் பழைய ஊர் போதும். பெரியார் வீதியில் பெரியார் அண்ணா நினைவகம். மொத்த வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, மண்டிக் கணக்கும் நகராட்சித் தலைவர் பதவியும் பார்த்த பெரியார், 1919-ல் அவற்றை விட்டுவிட்டுக் காங்கிரசில் சேர்ந்தார். தெப்பக்குளம் பக்கம் 1887 டிசம்பர் 22-ல் கணித மேதை ராமானுஜன் பிறந்தார், தாய்வழிப் பாட்டி வீட்டில். அவருடைய அப்பா கும்பகோணத்தில் ஜவுளிக் கடைக் குமாஸ்தா. ஜவுளிக்கும் கணக்குக்கும் உள்ள உறவை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மாலை ஐந்து மணிக்குப் பன்னீர்செல்வம் பூங்காப் பக்கம் போய்விட வேண்டும். கனி மார்க்கெட்டும் அதைச் சுற்றிய ஈஸ்வரன் கோயில் வீதி, திருவேங்கடசாமி வீதி, பிருந்தா வீதியும்தான் ஜவுளியின் நடு இடம். லுங்கி, துண்டு, வேட்டி, நைட்டி, பாவாடை, குழந்தைத் துணி என்று மூட்டை மூட்டையாகப் பிரியும். கேரளா, கர்நாடகா, ஆந்திரா வியாபாரிகள் பேரம் பேசும் சத்தத்தில் தமிழ் பாதி, மற்றது பாதி. ஒரு துண்டு வேண்டும் என்று கேட்டால் முகம் கொடுத்துப் பேசுவார்கள், ஆனால் விலை இறங்காது. டஜன் கணக்கில் கேட்டால்தான் மொத்த விலை.

துணியைக் கண்ணால் மட்டும் பார்ப்பவரைப் புது ஆள் என்று கடைக்காரர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். தெரிந்தவர் மூன்று காரியம் செய்வார். துணியை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் வைத்து அழுத்தி உரசுவார். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் அந்தக் கனத்தில் பாதி கஞ்சி, முதல் சலவையிலேயே துணி சல்லடையாகும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். நூல் சீராக ஓடாமல் அங்கங்கே பட்டை தெரிந்தால் தறியில் ஊடை, அதாவது குறுக்கு நூல், விட்டுப்போன துணி. கடைசியாக, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன மடக்கு லென்ஸ். ஒரு அங்குலத்துக்குள் பாவு (நீளவாக்கு நூல்) எத்தனை, ஊடை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதற்கு. இதில் ஊடையைக் குறைத்துத்தான் விலையைக் குறைப்பார்கள். பாவு தறியில் ஏற்றியாகிவிட்டது, அதைக் குறைக்க முடியாது. ஊடையை நெருக்கமாக அடிப்பதும் விட்டு அடிப்பதும் கையில் இருக்கிறது.

வேட்டி எடுப்பவர் நாலு முழமா எட்டு முழமா என்பதோடு நிற்காமல் நூல் நம்பரையும் கேட்கட்டும். 40, 60, 80, 100 என்று நம்பர் ஏற ஏற நூல் சன்னம். ரேயான் நைட்டித் துணி மொத்தமாக எடுப்பவர் முதலில் ஒரு மீட்டரை அளந்து, நனைத்து, காயவைத்து மறுபடி அளக்கட்டும். ரேயான் நீளவாக்கில் சுருங்கும், பருத்தியை விட அதிகமாக. தைத்து விற்ற பிறகு தெரிந்தால் நஷ்டம் தைத்தவருக்கு.

சரக்கை லாரி செட்டில் போட்டு அனுப்புவதானால் பில்லும் லாரி செட்டின் எல்.ஆர். ரசீதும் வாங்காமல் கிளம்பக் கூடாது. சரக்கின் மதிப்பு தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டு கட்டாயம். பாலக்காட்டு எல்லையில் நின்றுகொண்டு கடைக்காரருக்குப் போன் போடுவது வீண் வேலை.

இரண்டாம் நாள், செவ்வாய்

மஞ்சள் நாள். ஈரோட்டுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இதற்குக் கொடுங்கள்.

ஏலம் நடக்கும் இடம் ஒன்றல்ல, நான்கு: ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், ஈரோடு வேளாண் கூட்டுறவு விற்பனைச் சங்கம், கோபி கூட்டுறவுச் சங்கம், மஞ்சள் வணிகர்கள் சங்கத்தின் கூடம். காலையிலேயே போய்விட வேண்டும். மூட்டையிலிருந்து எடுத்த மாதிரி மஞ்சள் வரிசையாக வைத்திருக்கும். வியாபாரிகள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். சத்தம் போட்டு ஏலம் கூறுவது இங்கே வழக்கமில்லை. ஒவ்வொருவரும் தன் விலையை மூடிக் கொடுப்பார்கள், எந்த லாட்டுக்கு யார் விலை அதிகமோ அவருக்குச் சரக்கு. பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். கூடத்தில் கேட்பதெல்லாம் 'டக், டக்' என்று மஞ்சள் முறிகிற சத்தம்தான்.

அந்தச் சத்தத்தில்தான் விலை. நன்றாகக் காய்ந்த விரலி மஞ்சள் வளையாமல் டக்கென்று முறியும். வளைந்து முறிந்தால் உள்ளே ஈரம். முறிந்த வாய் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக, கொம்பைச் சீவினதுபோல் மினுமினுப்பாக, ஓரத்திலிருந்து நடுவரை ஒரே நிறமாக இருக்க வேண்டும். நடுவில் வெளிறிய வட்டம் தெரிந்தால் வேக்காடு பற்றவில்லை. ஊசி முனையளவு துளை தெரிந்தால் குடோனில் வண்டு புகுந்த பழைய சரக்கு. கையை மூட்டையின் அடிவரை விட்டு ஒரு பிடி எடுப்பதும் உண்டு, மேலே இருப்பது மாப்பிள்ளைக் கோலமாக இருக்கலாம் என்று.

"நெம்ப நயமுங்க, பாத்து எடுங்க" என்பார் விவசாயி. வியாபாரி பதிலே பேசாமல் இன்னொன்றை முறிப்பார்.

விலைப் பட்டியலில் எப்போதும் இரண்டு வரி இருக்கும், விரலி ஒன்று, கிழங்கு ஒன்று. தாய்க்கிழங்கு உருண்டை, அதிலிருந்து கிளைத்த விரல்கள் விரலி. விரலிக்குத்தான் விலை கூட. விலை எல்லாம் குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு.

முறியும் சத்தம் நன்றாக வர என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கூடத்தின் சுவையே வேறு. மஞ்சள் ஏறக்குறைய 9 மாதப் பயிர். கோடையில் நட்டு, தை பிறந்து பங்குனிக்குள் வெட்டுவார்கள். ஏக்கருக்கு விதைக்கிழங்கே 600 முதல் 800 கிலோ. வெட்டிய மஞ்சளை இரண்டு மூன்று நாளுக்குள் வேகவைத்துவிட வேண்டும். பழைய முறையில் கொப்பரையில் மஞ்சள் மூழ்கத் தண்ணீர் விட்டு, 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். நுரை கட்டி, வெள்ளை ஆவியோடு மஞ்சள் வாசம் எழும்பியதும் மொட்டையான குச்சியால் குத்திப் பார்ப்பார்கள். தடையில்லாமல் இறங்கினால் பதம். இப்போது டிராக்டரில் இழுத்து வரும் நீராவி பாய்லர்தான் பெரும்பாலும். வேக்காடு குறைந்தால் காய்ந்த பின் நொறுங்கும், உள்ளே நிறம் திட்டுத்திட்டாக நிற்கும். மிஞ்சினால் நிறம் மங்கும். இரண்டையும் பிறகு சரிசெய்ய வழியே கிடையாது.

காயவைப்பதில்தான் புதியவர்கள் கோட்டை விடுவார்கள். மெல்லியதாகப் பரப்பினால் சீக்கிரம் காயும் என்று தோன்றும். ஆனால் வெயில் மஞ்சளின் நிறத்தைத் தின்றுவிடும். அதனால் களத்தில் 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, கிளறிவிட்டுக்கொண்டே, இரவில் குவித்து மூடி, 10 முதல் 15 நாள் காயவைக்க வேண்டும். நடுவில் ஒரு மழை நனைத்தால் பூஞ்சணம். 5 கிலோ பச்சை மஞ்சளில் 1 கிலோ காய்ந்தது கிடைத்தால் நல்ல கணக்கு. கடைசியில் உருளையில் போட்டுச் சுற்றி, வேரும் செதிலும் போக மெருகேற்றுவார்கள்.

விலை பிடிக்கவில்லை என்றால் விவசாயி தரமாட்டேன் என்று சொல்லிவிடலாம். சரக்கு குடோனுக்குத் திரும்பும். விற்பனைக் கூடத்துக் கிடங்கில் வைத்தால் சரக்கின் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடனும் கிடைக்கும். தக்காளி விவசாயிக்கு இல்லாத வசதி இது. ஆனால் இதுவே கத்தியின் இன்னொரு முனையும். 2010-ல் குவிண்டால் 17,000 ரூபாயைத் தொட்டது. இன்னும் ஏறும் என்று வைத்திருந்தவர்கள் இருந்தார்கள், அந்த விலையைப் பார்த்துக் கரும்பை அழித்து மஞ்சள் போட்டவர்களும் இருந்தார்கள். 2012-ல் 4,000-ஐ ஒட்டி வந்து நின்றது. குடோனில் மஞ்சள் அழுகாது. ஆனால் கடனுக்கு வட்டி ஓடும், வண்டு தின்னும், எடை குறையும். மஞ்சளைத் தங்கம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு 2019-ல் வந்தது. பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் பி.எஸ்.ஆர். வரிசை ரகங்களைத் தந்தது. தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் தெலங்கானாவின் நிசாமாபாத்துக்குப் போனதில் மஞ்சள் மாநகரத்துக்கு மனத்தாங்கல் இல்லாமலா இருக்கும்?

வீட்டுக்கு வாங்குபவர் தூளை விட்டுவிட்டு விரலியாக வாங்கட்டும். விரலில் தேய்த்ததுமே மஞ்சள் பொடி அப்பினாலோ, தண்ணீரில் போட்ட உடனே நிறம் கரைந்து ஓடினாலோ அது மேலே பூசிய சாயம். வீட்டில் இரண்டு நாள் வெயில் காட்டி, உடைத்து, மில்லில் கொடுங்கள். மிளகாய் அரைத்த கையோடு அதே கல்லில் போடவேண்டாம் என்று சொல்ல மறக்கக் கூடாது.

மூன்றாம் நாள், புதன்

பவானிக்கு டவுன் பஸ், சுமார் 15 கிலோமீட்டர். கூடுதுறையில் காவிரியும் பவானியும் சேருகின்றன, சங்கமேசுவரர் கோயில். அங்கே கூட்டம் எப்போதும் உண்டு, சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. ஜமக்காளத்தைப் பார்க்கலாம்.

குழித்தறி. நெய்பவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். அகலமான ஜமக்காளம் என்றால் ஒரே தறியில் இரண்டு பேர். ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவை ஒருவர் வீச மற்றவர் வாங்கித் திருப்பி வீசுவார். தனியாள் கை அந்த அகலத்துக்கு எட்டாது. 10-ம் நம்பர் தடித்த பருத்தி நூல், பட்டை பட்டையாகச் சாயம். இன்னொரு வகையில் செயற்கைப் பட்டு நூலில் கரையும் பூவும். 2005-06-லேயே புவிசார் குறியீடு பெற்றது. கைத்தறிக்கென்று 1985 சட்டத்தில் ஒதுக்கிய பொருள்களில் ஜமக்காளமும் ஒன்று. ஆனாலும் விசைத்தறிச் சரக்கு பவானி என்ற பெயரில் கடைகளில் தொங்குகிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது, விலை வித்தியாசம் கையில் இருக்கிறது, வாங்குபவர் எதைப் பார்ப்பார்?

பார்த்து வாங்க விரும்புபவருக்கு: கைத்தறியில் ஊடை நெருங்கி விழுந்து பாவு நூல் கண்ணுக்கே தெரியாது. துணியை விலக்கிப் பார்த்தாலும் இடைவெளி கிடைக்காது. ஓரம் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தால் சந்தேகப்படுங்கள். கை வேலையில் சின்ன ஏற்ற இறக்கம் இருக்கும். ஒரே அளவில் இரண்டைத் தூக்கிப் பார்த்தால் கனத்தில் தெரிந்துவிடும். ஈரத்துணியால் சிவப்புப் பட்டையில் ஒருமுறை துடைக்க வேண்டும், ஓடுகிற சாயம் பெரும்பாலும் சிவப்பில்தான் முதலில் ஓடும். துவைத்தால் முறுக்கிப் பிழியாமல் நிழலில் போட வேண்டும். மடித்து வைப்பதை விடச் சுருட்டி வைத்தால் மடிப்பில் நூல் இறாது.

திரும்பும் வழியில் காலிங்கராயன்பாளையத்தில் இறங்கலாம். பவானி ஆறு காவிரியில் விழுமுன் குறுக்கே கட்டிய அணை, அதிலிருந்து கிளம்பும் வாய்க்கால். 1283-ல் முடிந்தது. ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடி, ஏறக்குறைய 15,700 ஏக்கருக்குப் பாய்கிறது. நேராக வெட்டியிருந்தால் இத்தனை நீளம் ஆகாது. நிலத்தின் மட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போவதால்தான் தண்ணீர் வேகமெடுத்துக் கரையை அரிக்காமல், கூடுதல் நிலத்துக்கு எட்டுகிறது. தை 5-ஐ இதை வெட்டிய காலிங்கராயனின் பெயரில் காலிங்கராயன் நாள் என்று இங்கே கொண்டாடுகிறார்கள்.

நான்காம் நாள், வியாழன்

கருங்கல்பாளையம் சோதனைச்சாவடி பக்கம், விடியும் முன். செருப்புக்குப் பதில் பழைய ஷூ, வெள்ளை உடை வேண்டாம்.

மாட்டுக்கு வயது காகிதத்தில் இல்லை, வாயில் இருக்கிறது. கீழ்த்தாடையில் பால்பல் விழுந்து பெரிய பல் இரண்டு முளைத்தால் "ரெண்டு பல்லு", ஏறக்குறைய இரண்டு வயது. நாலு பல்லு என்றால் மூன்றை ஒட்டி. ஆறு பல்லுக்கு மூன்றரை. எட்டும் முளைத்துவிட்டால் "கடை சேர்ந்தது". அதன் பிறகு தேய்மானத்தை வைத்துத்தான் வயது சொல்ல முடியும், அங்கேதான் ஏமாற்று. கறவை மாடென்றால் எத்தனையாவது ஈத்து என்று கேட்டு, கொம்பில் உள்ள வளையத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். மடி புடைத்திருந்தால் மயங்க வேண்டாம். முந்தின நாள் கறக்காமல் விட்டுக் கொண்டு வந்த மடியும் புடைத்துத்தான் இருக்கும். நாலு காம்பிலும் கறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு காம்பில் திரித்திரியாக வந்தால் மடிநோய். கூட வந்த கன்று அந்த மாட்டினுடையதுதானா என்பதை ஊட்டவிட்டால் மாடே சொல்லிவிடும், அந்நியக் கன்றை உதைக்கும்.

விலை பேசுவது துண்டுக்கு அடியில். தரகரும் வாங்குபவரும் கையைத் துண்டுக்குள் விட்டு விரல்களைப் பிடித்து அழுத்துவார்கள். வாய் "ஏனுங்க, இப்படிக் கேட்டா எப்படீங்க" என்று வேறெதையோ பேசிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியக் கூடாது, அடுத்த மாட்டின் பேரம் கெட்டுவிடும்.

பகலில் வீரப்பன்சத்திரம் பக்கம் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். பெரும்பாலும் கூலி நெசவு. நூல் போடுபவர் பாவும் ஊடையும் தருவார், சாயம் போடாத காடா துணியாக நெய்து கொடுத்து, கூலி வாங்குவது தறிக்காரர் பாடு. கணக்கு எளிது. நிமிடத்துக்கு 130 முறை நாடா ஓடும் சாதாரணத் தறியில் அங்குலத்துக்கு 48 ஊடை போட்டால் மணிக்கு 4 மீட்டருக்குச் சற்று மேல். ஆனால் இழை அறும், நாடாவுக்குள் இருக்கும் தாரில் நூல் தீரும், மின்சாரம் போகும். ஒவ்வொரு நிறுத்தமும் கூலியில் கழியும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் 2023-லிருந்து, அதற்கு முன் 750. நூல் விலை ஏறினால் நூல் போடுபவர் பாவு தருவதை நிறுத்துவார். முதலில் நிற்பது தறி, கடைசியில் ஏறுவது கூலி. பொங்கலுக்கு அரசு தரும் வேட்டி சேலை ஆர்டர் வந்தால் சில மாதம் மூச்சு விடலாம்.

நெய்த துணிக்குச் சாயம் போட்டாக வேண்டும், அந்த இடத்தில்தான் ஊர் தலைகுனிகிறது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் நூலில் ஏற உப்பு நிறைய வேண்டும். சாயமாவது துணியில் தங்கும். உப்பு முழுவதும் கழிவுநீரில்தான் போகும். வடிகட்டியால் தண்ணீரை மீட்கலாம், மீதி அடர்கரைசலைக் கொதிக்கவைத்து வற்ற வைக்க வேண்டும். அதற்கு எரிபொருள் செலவு, கடைசியில் யாருக்கும் வேண்டாத கலப்பு உப்பு மூட்டையாக நிற்கும். இந்தச் செலவை மிச்சம் பிடிக்க இரவில் திறந்துவிடும் பட்டறைகள்தான் சிக்கல். நேற்றுப் பார்த்த எழுநூறு வருஷத்து வாய்க்கால் ஊருக்குள் வரும்போது நுரைத்துக்கொண்டு வருவதற்கு இது ஒரு காரணம், தோல் பட்டறையும் வீட்டுச் சாக்கடையும் மற்றவை. வாய்க்காலை ஒட்டியே கழிவுக்கென்று பேபி வாய்க்கால் ஒன்று வெட்டியிருக்கிறார்கள். பாசனத் தண்ணீரில் கலப்பது குறையும். கழிவு கழிவாகவேதான் போய்ச் சேரும்.

ஐந்தாம் நாள், வெள்ளி

காவிரிப் பாலம் தாண்டினால் பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டம். பள்ளிபாளையம் சிக்கன் என்று ஊருக்கு ஊர் போர்டு மாட்டியிருக்கிறார்கள், பாதியில் மசாலாத்தூள் கொட்டியிருக்கும். அசலில் மசாலாவும் இல்லை, தக்காளியும் இல்லை. அரைக்கிலோ எலும்போடு சின்னச் சின்னதாக வெட்டிய கோழிக்கு 15 முதல் 20 வரமிளகாய், உரித்த சின்ன வெங்காயம் 200 கிராம், அரை மூடித் தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு. மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட வேண்டும். சோம்பல்பட்டு விதையோடு போட்டால் சாப்பிட முடியாது. எண்ணெயில் மிளகாய் கறுக்குமுன் வெங்காயம், அது வதங்கியதும் கோழி. தண்ணீர் தெளிப்பதோடு சரி. ஊற்றினால் குழம்பாகிவிடும், மூடி வைத்தால் கோழியே விடும் தண்ணீர் போதும். தேங்காய் கடைசியில்.

மாலை வண்டிக்குக் கட்டும்போது விரலி மஞ்சளையும் வேட்டியையும் ஒரே பையில் போடவேண்டாம். போட்டு, வெள்ளையில் மஞ்சள் ஏறிவிட்டால் அவசரப்பட்டுச் சோப்புத் தேய்க்காதீர்கள், பட்ட இடம் சிவக்கும், பார்ப்பவர் பயந்துபோவார். பச்சைத் தண்ணீரில் அலசி மொட்டை மாடி வெயிலில் விரித்துப் போடுங்கள். களத்தில் மெல்லியதாகப் பரப்பிய மஞ்சளை என்ன செய்ததோ அதையே வெயில் வேட்டிக்கும் செய்துவிடும்.